ரகசியம் ஊருக்கே தெரியும்

சென்ற இதழில் லாவோஸ் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அந்தச் சின்ன நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமாகக் குண்டு போட்டது, வெடிக்காமல் மண்ணுக்குள் கிடப்பவை இன்றும் மண்வெட்டி போடுகிறவர்களைக் கொல்கின்றன, இதைத்தான் 'ரகசியப் போர்' என்கிறார்கள் என்று. அதற்கு வந்த கடிதங்கள்தான் இந்த வாரம் முழுக்க. சினிமா கேள்வி அனுப்பியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

கே: ஒன்பது வருஷம் குண்டு போட்டால் சத்தம் கேட்காதா? அதை எப்படி சார் ரகசியமாக வைத்தார்கள்?
– எம்.ஆர்., தென்காசி

ப: கீழே இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது. குகைக்குள் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்தினார்கள், ராத்திரியில் வயல் வேலை பார்த்தார்கள். மறைத்தது யாரிடமிருந்து என்றால், அதற்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்கர்களிடமிருந்து.

1962-ல் ஜெனீவாவில் லாவோஸ் நடுநிலை நாடு, வெளிநாட்டுப் படை எதுவும் அங்கே இருக்கக் கூடாது என்று கையெழுத்தானது. வட வியட்நாம் தன் ஆட்களை விலக்கிக்கொள்ளவில்லை. அமெரிக்காவும் வெளிப்படையாகப் படை அனுப்பினால் ஒப்பந்தத்தை மீறிய பழி வரும். அதனால் வேலை சி.ஐ.ஏ. கைக்குப் போனது. ஹ்மாங் மலைவாழ் மக்களைத் திரட்டி வாங் பாவ் என்ற தளபதியின் கீழ் ஒரு படை, லாங் டியெங் என்ற பள்ளத்தாக்கில் ஒரு விமானத்தளம், அரிசியும் ஆயுதமும் கொண்டுபோக 'ஏர் அமெரிக்கா' என்று சி.ஐ.ஏ.வே வைத்திருந்த ஒரு விமானக் கம்பெனி. இலக்கைக் காட்டிக்கொடுத்த அமெரிக்க விமானிகள் சீருடை போடாமல் சாதாரண உடுப்பில் பறந்தார்கள். மேலே 5,80,000 தடவை குண்டு வீச்சு விமானங்கள் போய்வந்தன, சராசரி பார்த்தால் ராத்திரி பகல் பார்க்காமல் எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானம்.

1969-ல் செனட் குழு ஒன்று விசாரித்தது, மூடிய அறைக்குள். அடுத்த வருஷம் அந்த விசாரணைப் பதிவு வெளியே வந்தபோது பல இடங்கள் வெட்டி எறியப்பட்டிருந்தன. ஆனால் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது என்று நினைக்காதீர்கள். லாவோஸ் தலைநகர் வியன்டியானில் நிருபர்கள் இருந்தார்கள், எழுதவும் எழுதினார்கள்.

கே: அந்தக் காலத்தில் செய்தி சரியாக வெளியே வரவில்லை, அதனால்தான் மக்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்கிறேன். முதல் பக்கத்தில் வந்திருந்தால் விட்டிருப்பார்களா?
– கல்லூரி மாணவி, திருச்சி

ப: முதல் பக்கத்திலேயே வந்ததம்மா! லாவோஸ் இல்லை, பக்கத்து நாடு கம்போடியா. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1969 மார்ச் 18 அன்று பி-52 விமானங்கள் கம்போடியாவுக்குள் குண்டு போட ஆரம்பித்தன. அதுவும் நடுநிலை நாடுதான். திட்டத்துக்கு 'மெனு' என்று பெயர். அதற்குள் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, நொறுக்குத்தீனி என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் (யாருக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றுகிறதோ). 14 மாதத்தில் 3,600 தடவைக்கும் மேல் விமானங்கள் போயின. கணக்கே இரண்டு வைத்திருந்தார்கள். ஹால் நைட் என்று ஒரு விமானப்படை அதிகாரி, தெற்கு வியட்நாமில் ஒரு ராடார் நிலையத்தில் வேலை. ராத்திரி அவர் கையில் உண்மையான இலக்குகள் வந்து சேரும், அதன்படி விமானங்களுக்கு வழிகாட்டிவிட்டு, காரியம் முடிந்ததும் அந்தத் தாள்களை எரித்துவிட்டு, குண்டு தெற்கு வியட்நாமில்தான் விழுந்தது என்று பொய் ரிப்போர்ட் எழுதி அனுப்ப வேண்டும். விமானத்தில் இருந்தவர்களிலேயே பலருக்கு எந்த நாட்டில் போட்டோம் என்று தெரியாது.

இவ்வளவு கட்டிக்காத்த ரகசியம் இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. 1969 மே 9 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் வில்லியம் பீச்சர் என்ற நிருபர் போட்டு உடைத்துவிட்டார். என்ன நடந்தது தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. ஊர்வலம் இல்லை, நாடாளுமன்றத்தில் அமளி இல்லை. வெள்ளை மாளிகைக்குத்தான் தூக்கம் போயிற்று. யார் சொன்னது என்று கண்டுபிடிக்க அன்றைக்கே டெலிபோன் ஒட்டுக்கேட்பு ஆரம்பித்தார்கள், போகப்போக அது 17 பேர் வரைக்கும் போனது.

இப்போது அடுத்த வருஷத்துக்கு வாருங்கள். 1970 ஏப்ரல் 30 அன்று நிக்சன் டி.வி.யில் தோன்றி, கம்போடியாவுக்குள் தரைப்படை போகிறது என்று வெளிப்படையாக அறிவித்தார். நாலாவது நாள் ஒஹையோ மாநிலத்தில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல்படை சுட்டு நாலு மாணவர்கள் செத்தார்கள். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான கல்லூரிகள் வேலைநிறுத்தம், மூடல். அதே நாடு, அதே ஜனாதிபதி, கொல்லப்பட்டதும் அதே கம்போடியர்கள்தான். முதல் பக்கத்தில் வந்தபோது வராத கோபம் இப்போது எங்கிருந்து வந்தது?

நடுவில் 1969 டிசம்பர் 1 அன்று ஒரு காரியம் நடந்திருந்தது. வருஷத்தின் எல்லாத் தேதிகளையும் சீட்டு எழுதி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுக் குலுக்கி, எந்தத் தேதி முதலில் வருகிறதோ அந்தத் தேதியில் பிறந்த பையன்கள் முதலில் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று டி.வி.யில் காட்டிக் குலுக்கினார்கள். தரைப்படை போகிறது என்றால் அந்தச் சீட்டு இன்னும் வேகமாக நம்மை நோக்கி வரும் என்று ஒவ்வொரு மாணவனுக்கும் தெரியும். பி-52 போனால் அப்படி இல்லை. குண்டு போடுகிற விமானி சாயங்காலம் தளத்துக்குத் திரும்பிவிடுவான்.

அவர்களைச் சுயநலக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. உண்மையிலேயே கம்போடியர்களுக்காக அழுதவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். ஆனால் தெருவை நிரப்பியது அந்த அழுகை இல்லை என்பதுதான் என் கட்சி. அரசாங்கமும் அதைக் கவனித்துக்கொண்டது. 1973-ல் கட்டாய ராணுவ சேவை முடிவுக்கு வந்தது. அப்புறம் வரி. 1968-ல் வியட்நாம் போருக்காக வருமான வரியின் மேல் பத்து சதவீதம் கூடுதல் வரி போட்டார்கள். ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் போன காலத்தில், 2001-லும் 2003-லும், வரியைக் குறைத்தார்கள். போரைக் கடன் வாங்கி நடத்தினார்கள். பையனும் போக வேண்டாம், பையிலும் கை வைக்கவில்லை என்றால் யார் வந்து மறியல் பண்ணுவார்கள்?

கே: அப்படியானால் கட்டாய ராணுவ சேவை இருந்தால் போர் குறையும் என்கிறீர்களா? வீட்டுக்கு ஒரு பையனை அனுப்பச் சொல்லலாமா?
– முன்னாள் ராணுவ வீரர், வேலூர்

ப: அப்படிச் சொல்ல மாட்டேன் ஐயா. கட்டாய சேவை இருக்கும்போதேதான் வியட்நாம் போர் அத்தனை வருஷம் இழுத்தது. போரைத் தடுக்காது, கண்ணை மட்டும் திறக்கும், அதுவும் தாமதமாக.

ரஷ்யாவைப் பாருங்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் போனார்கள், மார்ச் மாதமே ராணுவத்தைப் பற்றி 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 வருஷம் வரை சிறை என்று சட்டம். தைரியசாலிகள் சிலர் எதிர்த்து உள்ளே போனார்கள். பெரும்பாலான மாஸ்கோக்காரர்கள் அந்தக் கோடையில் வழக்கம்போல் பூங்காவுக்கும் ஹோட்டலுக்கும் போய்வந்தார்கள். செப்டம்பர் 21 அன்று 3 லட்சம் பேரைப் பட்டாளத்துக்கு அழைக்கிறோம் என்று புதின் அறிவித்ததும் ஜார்ஜியா எல்லையில் கிலோமீட்டர் கணக்கில் கார் நின்றது, லட்சக்கணக்கானவர்கள் நாட்டைவிட்டே போனார்கள். கிரெம்ளினும் பாடம் படித்துவிட்டது. அதற்குப் பிறகு பெரிய அளவில் அப்படி ஆள் எடுக்கவில்லை. சிறைகளிலிருந்து எடுத்தார்கள், ஏழை மாகாணங்களில் கை நிறையப் பணம் கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். மாஸ்கோ மறுபடி அமைதியாகிவிட்டது.

நாம் மட்டும் என்ன? அந்தப் போர் இந்திய டி.வி.யில் முதல் சில மாதம் ஓடியது, அப்புறம் பெட்ரோல் விலையோடு சேர்ந்து மறைந்தது. 2024-ல் உதவியாளர் வேலை என்று ஏஜெண்டுகள் சொல்லி ரஷ்யாவுக்குப் போன சூரத், ஹைதராபாத் இளைஞர்கள் போர்முனையில் செத்தார்கள் என்றதும்தான் மறுபடி எட்டிப் பார்த்தோம்.

கே: டிரோன் ஓட்டுகிறவர்களுக்கு மனசு உறுத்தாதா?
– கே.எஸ்., கும்பகோணம்

ப: உறுத்துகிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கிரீச் என்ற விமானப்படைத் தளம், லாஸ் வேகாஸிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆப்கானிஸ்தான் போர்க் காலத்தில் அங்கே உட்கார்ந்து அந்த நாட்டில் ஒரு வீட்டை நாள்கணக்கில் பார்ப்பார்கள். யார் எப்போது எழுகிறார், பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் எல்லாம் தெரியும். அப்புறம் ஏவுகணை. அப்புறமும் கேமரா அங்கேயே நிற்கும், என்ன மிச்சம் என்று எண்ண வேண்டும். விமானத்தில் பறந்து போனவன் திரும்பிப் பார்க்க மாட்டான், இவன் பார்த்தே ஆக வேண்டும். ஷிஃப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம். போருக்குப் பறந்து போகிற விமானிகளுக்கு வருகிற அளவுக்கே இவர்களுக்கும் மனநலக் கோளாறு வருகிறது என்று அமெரிக்க ராணுவத்தின் ஆய்வே 2013-ல் சொன்னது.

கே: தங்கள் நாட்டுக்குள் இன்னொரு நாடு குண்டு போட்டால் அந்த அரசாங்கங்கள் சும்மாவா இருக்கும்? பாகிஸ்தான் எத்தனை கண்டன அறிக்கை விட்டிருக்கிறது!
– என்.ஜே., நாகர்கோவில்

ப: அறிக்கை விட்டது உண்மை. 2008-ல் அன்றைய பிரதமர் கிலானி அமெரிக்கத் தூதரிடம் என்ன சொன்னார் என்பது பின்னால் ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகத் தந்தியில் இருக்கிறது. சரியான ஆட்களைக் கொல்கிற வரை எனக்குக் கவலையில்லை, நாடாளுமன்றத்தில் கண்டனம் தெரிவிப்போம், அப்புறம் விட்டுவிடுவோம் என்றாராம். 2004-ல் தெற்கு வஜீரிஸ்தானில் நேக் முகமது என்ற தாலிபான் தளபதி கொல்லப்பட்டபோது, நாங்கள்தான் கொன்றோம் என்று பாகிஸ்தான் ராணுவமே பொறுப்பேற்றது. போட்டது சி.ஐ.ஏ. டிரோன்.

ஏமன் கதை இன்னும் மோசம். 2009 டிசம்பர் 17, அல் மஜலா என்ற இடத்தில் அமெரிக்கக் கப்பலிலிருந்து வந்த ஏவுகணை, உள்ளே கொத்துக் குண்டு. செத்த பொதுமக்கள் 41 பேர், அதில் 21 பேர் குழந்தைகள். எங்கள் விமானப்படை தீவிரவாத முகாமைத் தாக்கியது என்று ஏமன் அரசு அறிவித்தது. அப்துல் இலா ஹைதர் ஷாயி என்ற ஏமன் பத்திரிகையாளர் அங்கே போய், கிடந்த உடைசல்களைப் படம் எடுத்து, இது அமெரிக்க ஏவுகணை என்று சொன்னார். அடுத்த மாதமே ஜனாதிபதி சலே அமெரிக்கத் தளபதி பெட்ரேயஸிடம், குண்டுகள் எங்களுடையவை என்றே தொடர்ந்து சொல்லிக்கொள்வோம் என்று உறுதி கொடுத்தார், அதுவும் தந்தியில் இருக்கிறது. பத்திரிகையாளருக்கு அல் காய்தாவோடு தொடர்பு என்று குற்றம் சாட்டிச் சிறை. அவரை மன்னித்து விடப்போகிறார்கள் என்று செய்தி வந்தபோது ஒபாமாவே சலேவுக்கு போன் செய்து கவலை தெரிவித்தார். 2013 வரை அவர் வெளியே வரவில்லை. இதையெல்லாம் அமெரிக்காவில் பத்திரிகைகள் விரிவாக எழுதியிருக்கின்றன. எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

கே: செத்தவர்கள் எத்தனை பேர் என்று அரசாங்கக் கணக்கும் மற்றவர்கள் கணக்கும் ஏன் ஒத்துப்போவதே இல்லை?
– ஆடிட்டர், கோவை

ப: கணக்குப்பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான். ஒபாமா காலத்தில், டிரோன் தாக்குதல் நடந்த இடத்தில் இருந்த சண்டை போடும் வயது ஆண் எல்லாரையும் எதிரி என்றே எண்ணினார்கள், செத்த பிறகு நிரபராதி என்று ஆதாரம் கிடைத்தால் மட்டும் கழித்துக்கொள்வார்கள் என்று 2012-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. செத்தவன் எப்படி ஆதாரம் கொண்டுவருவான் என்று கேட்காதீர்கள்.

2016 ஜூலை 1 அன்று அரசாங்கம் முதல் தடவையாக மொத்தக் கணக்கு கொடுத்தது. 2009 முதல் 2015 வரை, போர்க்களம் என்று ஒப்புக்கொண்ட நாடுகளுக்கு வெளியே 473 தாக்குதல், செத்த பொதுமக்கள் 64 முதல் 116 வரை. லண்டனில் புலனாய்வு இதழியல் மையம் ஒன்று அதே காலத்துக்குப் போட்ட கணக்கு 380 முதல் 801 வரை. ஜூலை 1 என்ன கிழமை தெரியுமா? வெள்ளி. அமெரிக்கச் சுதந்திர தின நீண்ட விடுமுறைக்கு எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த மத்தியானம். இப்படி வருஷா வருஷம் கணக்கு கொடுக்க வேண்டும் என்று ஒபாமா போட்ட உத்தரவை 2019 மார்ச்சில் டிரம்ப் எடுத்துவிட்டார். அதற்கும் சத்தம் எழவில்லை.

2012 அக்டோபரில் வடக்கு வஜீரிஸ்தானில் தோட்டத்தில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி டிரோன் தாக்குதலில் செத்துப்போனார். அவருடைய மகனும், காயம்பட்ட பேரனும் பேத்தியும் அடுத்த வருஷம் வாஷிங்டன் வரை போய் நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். பேரனுக்கு 13 வயது, பேத்திக்கு 9. மேகமூட்டமாக இருந்தால் டிரோன் பறக்காது, அதனால் இப்போது நீல வானம் பிடிப்பதில்லை என்று அந்தப் பையன் சொன்னான். மொழிபெயர்த்த பெண்ணே அழுதுவிட்டார். கேட்க வந்த உறுப்பினர்கள் ஐந்து பேர். மொத்தம் 535 பேர் இருக்கிற சபைகள் அவை.

கே: நாடாளுமன்றம் அனுமதிக்காமல் போர் நடத்த முடியாது என்று அவர்கள் அரசியல் சட்டத்தில் இருக்கிறதே?
– சட்டக் கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

ப: இருக்கிறது தம்பி. அனுமதியும் இருக்கிறது, எப்போதோ கொடுத்தது. 2001 செப்டம்பர் 14 அன்று, இரட்டைக் கோபுரம் விழுந்து மூன்றே நாளில், அந்தத் தாக்குதலை நடத்தியவர்கள் மேலும் அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் மேலும் படைபலத்தைப் பயன்படுத்தலாம் என்று அறுபது வார்த்தையில் ஒரு தீர்மானம். கீழ்ச்சபையில் 420-க்கு 1. எதிர்த்த அந்த ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ, அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. அந்த அறுபது வார்த்தையை வைத்துக்கொண்டுதான் 2001-ல் பிறந்தேயிராத அமைப்புகள் மேல் சோமாலியாவிலும் சிரியாவிலும் குண்டு போட்டார்கள்.

1973-ல் கொண்டுவந்த இன்னொரு சட்டப்படி, அனுமதியில்லாமல் ஆரம்பித்த சண்டையை 60 நாளில் நிறுத்த வேண்டும். 2011-ல் லிபியாவில் அறுபது நாள் தாண்டிவிட்டது. ஒபாமாவின் வழக்கறிஞர்கள் என்ன வாதம் வைத்தார்கள் தெரியுமா? நம் படைவீரர்கள் தரையில் இல்லை, அவர்களுக்குப் பெரிய ஆபத்தும் இல்லை, ஆகவே சட்டம் சொல்கிற 'சண்டை'யே அங்கே நடக்கவில்லை. குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே இந்த வாதம்.

2017 அக்டோபர் 4 அன்று நைஜரில் டோங்கோ டோங்கோ கிராமத்துக்கு அருகே நாலு அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டார்கள். நைஜரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது என்றார் செனட்டர் லிண்ட்சே கிரஹாம். அவர் அப்போது செனட்டின் ராணுவக் குழு உறுப்பினர்! அப்புறமாவது ஏன் போனோம் என்று விவாதித்தார்களா என்றால், செத்த வீரர் ஒருவரின் மனைவிக்கு டிரம்ப் போன் செய்தபோது மரியாதையாகப் பேசினாரா இல்லையா என்பதுதான் டி.வி.க்களில் வாரக்கணக்கில் ஓடியது.

கே: சூடானைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?
– பெயர் வேண்டாம் என்றவர், ஷார்ஜா

ப: 2023 ஏப்ரலில் ஆரம்பித்த சண்டை, ஒரு கோடிப் பேருக்கு மேல் வீடிழந்தாகிவிட்டது. அங்கே எந்த வல்லரசும் தன் பெயரில் சண்டை போடவில்லை. ஆயுதம் மட்டும் யார் யாரிடமிருந்தோ போய்ச் சேர்கிறது. ராணுவத்தை எதிர்த்துச் சண்டை போடும் துணைப்படைக்கு ஆயுதம் தருகிறது என்று நீங்கள் இருக்கும் நாட்டின் மேலேயே குற்றச்சாட்டு உண்டு, அவர்கள் மறுக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்றது நல்லதுதான்.

கே: இத்தனை தவறான தாக்குதலுக்கு ஒருவராவது தண்டிக்கப்பட்டிருக்கிறாரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

ப: 2021 ஆகஸ்ட் 29, காபூல். அமெரிக்கப் படை வெளியேறும் கடைசி நாட்களில் ஒரு வெள்ளைக் காரின் மேல் டிரோன் தாக்குதல். ஐ.எஸ். தற்கொலைப் படை என்றார்கள், நியாயமான தாக்குதல் என்று தலைமைத் தளபதியே சொன்னார். காபூலில் நிருபர்கள் இருந்ததால் மாட்டிக்கொண்டது, அவர்கள் அந்த வீட்டுக்கே போய் விசாரித்தார்கள், வஜீரிஸ்தானில் அது முடிந்ததில்லை. செத்தது ஓர் அமெரிக்கத் தொண்டு நிறுவனத்தின் ஊழியரும் அவர் குடும்பமும். பத்துப் பேர், ஏழு குழந்தைகள். காரில் இருந்தது தண்ணீர் கேன். மூன்று வாரத்துக்குள் தவறு என்று ஒப்புக்கொண்டார்கள், டிசம்பரில் யார் மேலும் நடவடிக்கை கிடையாது என்று முடித்தார்கள்.

டிரோன் போர் சம்பந்தமாகச் சிறைக்குப் போனவர் என்றால் டேனியல் ஹேல் இருக்கிறார், விமானப்படையில் உளவுத் தகவல் ஆய்வாளராக இருந்தவர். ஆப்கானிஸ்தானில் ஒரு நடவடிக்கையில், ஐந்து மாத காலத்தில் வான் தாக்குதலில் செத்தவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பேர் குறிவைத்த ஆட்களே இல்லை என்று காட்டும் ஆவணங்களைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். 45 மாதம் சிறை. தீர்ப்பு வந்தது 2021 ஜூலை 27, காபூல் தாக்குதலுக்கு ஒரு மாதம் முன்பு.